பனிக்காலத்தில் போடிமெட்டு வழியாக மூணாறுக்குக் காரில் போகலாமா?

டிசம்பர் கடைசியில் மதுரையிலிருந்து குடும்பத்தோடு மூணாறு போகிறோம், விடியற்காலையிலேயே போடிமெட்டு ஏறிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போங்கள், ஆனால் விடியற்காலை வேண்டாம். நான் போடிக்காரன். நன்றாக வெயில் ஏறிய பிறகு மலையடிவாரத்து முந்தலைத் தாண்டுங்கள் என்றுதான் சொந்தக்காரர்களுக்கும் சொல்வேன்.

முந்தலில் வானம் பளிச்சென்று இருக்கும். அதை நம்பி ஏறினால், 17 கொண்டை ஊசி வளைவுகளில் மேலே போகப் போக ஒரு வளைவு தெளிவாகவும் அடுத்த வளைவு பனிமூட்டத்தில் முழுக்க வெள்ளையாகவும் இருக்கும். ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்புகளும் காலையில்தான் வரிசையாக ஏறும். அந்த டிரைவர்களுக்கு ரோடு அத்துபடி. பின்னால் ஹாரன் அடித்தால் பதறி வேகத்தைக் கூட்டாமல், அகலமான இடம் பார்த்து ஒதுங்கி வழி விட்டுவிடுங்கள்.

உண்மையில் எனக்குக் கொண்டை ஊசி வளைவுகளைவிடப் பயம் கேப் ரோட்டில்தான். வளைவுகளில் எல்லோரும் தானாகவே மெதுவாகப் போவார்கள். பூப்பாறை தாண்டி தேவிகுளம் போகும் வழியில் இருக்கிற அந்த ரோடு அகலமாகி வழுவழுவென்று இருப்பதால் கால் ஆக்ஸிலேட்டரை அழுத்திவிடும். மூட்டம் அங்கேயும் திடீரென்று இறங்கும். 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 11 மீட்டர் ஓடுகிறது. பிரேக்கில் கால் வைக்கவே ஒரு நொடி ஆகும், ஈர ரோட்டில் அதற்கப்புறம் நிற்க இன்னும் அவ்வளவு தூரமாவது வேண்டும். 15 மீட்டர்தான் கண்ணுக்குத் தெரிகிறது என்றால் 40 அதிகம். 20-க்கு இறக்கிவிடுங்கள்.

விளக்கை டிம்மில் வையுங்கள். பிரைட் போட்டால் வெளிச்சம் பனித்துளிகளில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும். நாலு இண்டிகேட்டரையும் எரியவிட்டபடி ஓட்டாதீர்கள், நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. வண்டியை ஓரமாக நிறுத்தினால் போடுங்கள். கண்ணாடி உள்பக்கம் ஆவி பிடித்தால் துணியால் துடைத்துக்கொண்டே ஓட்ட வேண்டாம். ஏசியைப் போட்டு, சூட்டைக் கூட்டி, காற்றை முன்கண்ணாடிப் பக்கம் திருப்பினால் சீக்கிரம் தெளிந்துவிடும்.

திரும்பி இறங்கும்போது எந்த கியரில் ஏறினீர்களோ அதிலேயே இறங்குங்கள். நியூட்ரலில் விட்டு பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடாகி, கடைசி வளைவுகளில் பிடிக்காமல் போகும். மேலே ஏறி வரும் வண்டிக்குத்தான் முதல் வழி, சட்டமும் அதுதான். சாயங்காலம் தோட்ட ஜீப்புகள் கூட்டமாக இறங்கும், மூட்டமும் திரும்ப வரும். மதியச் சாப்பாட்டை முடித்ததும் மூணாறிலிருந்து கிளம்பிவிடுங்கள்.

ஜனவரியில் மூணாறில் உறைபனி விழும் நாட்களில் காலையில் கண்ணாடி மேல் ஐஸ் படிந்திருக்கலாம். வெந்நீர் ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடும். இஞ்சினை ஓடவிட்டு, உள்ளே சூடான காற்று வைத்துக் காத்திருங்கள்.

வழியில் ஆனையிறங்கல் பக்கம் யானைகள் ரோட்டைக் கடக்கும், பனியில் பக்கத்தில் வரும்வரை தெரியாது. பார்த்தால் தள்ளியே நிறுத்துங்கள். ஹாரன் அடிக்காதீர்கள், போட்டோ எடுக்க யாரையும் இறங்க விடாதீர்கள்.