விசிட்டிங் கார்டுக்கு இன்னும் வேலை இருக்கிறதா?

காகித விசிட்டிங் கார்டின் எதிர்காலம் பற்றி வட சென்னை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

பல ஆண்டுகளாக ஏசி, ஃபிரிட்ஜ் பழுது பார்த்து வருகிறேன். வைத்திருந்த கார்டெல்லாம் தீர்ந்துவிட்டது. மறுபடியும் ஆயிரம் அடிக்கலாம் என்றால், "எல்லாரும் போன்ல நம்பர் போட்டுக்கிறாங்க, காசை வீணாக்காதப்பா" என்கிறான் என் மகன். அவன் சொல்வது சரியா?
– ஏசி மெக்கானிக், தண்டையார்பேட்டை

அடிக்கடி பேசிக்கொள்கிறவர்களைப் பொறுத்தவரை உங்கள் மகன் சொல்வது சரி. அவர்களுக்குள் வாட்ஸ்அப்பில் ஒரு வணக்கம் அனுப்பினாலே எண் போய்ச் சேர்ந்துவிடுகிறது. உங்கள் வாடிக்கையாளர்கள் அப்படிப்பட்டவர்கள் அல்லர். கடலோர உப்புக்காற்று ஏசியின் வெளிப்புற யூனிட்டை அரிப்பதால் உங்கள் பகுதியில் வேலைக்குக் குறைவிருக்காது. ஆனாலும் ஒரு வீட்டுக்காரர் உங்களைத் தேடுவது பெரும்பாலும் அக்னி நட்சத்திரம் நெருங்கும்போதுதான். ஓர் அழைப்புக்கும் அடுத்த அழைப்புக்கும் இடையே ஓராண்டு ஓடிவிடும். அதற்குள் அவர் போனை மாற்றியிருக்கலாம். மாற்றாவிட்டாலும் 'ஏசி', 'ஏசி மெக்கானிக்', 'ஏசி புதுசு' என்று மூன்று பதிவுகள் அதில் இருக்கும், அவற்றில் நீங்கள் யார் என்பது அவருக்கே நினைவிருக்காது.

இன்னொன்றையும் கவனியுங்கள். போனில் பதிந்த எண் அந்த ஒருவரிடம் மட்டுமே இருக்கிறது. அவர் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் ஃபிரிட்ஜ் நின்றுவிட்டால், வீட்டில் இருக்கும் அம்மாவுக்கு அந்த எண் கிடைக்காது. அலமாரியிலோ காலண்டர் ஆணியிலோ செருகி வைத்த கார்டு வீட்டில் உள்ள எல்லோருக்கும் பயன்படும்; பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால் எடுத்தும் கொடுப்பார்கள். ஆகவே கார்டை விட்டுவிடாதீர்கள், எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள். டிஜிட்டல் அச்சில் இப்போது நூறு, இருநூறு கூட அடித்துத் தருகிறார்கள். பின்பக்கத்தை லேமினேஷன் இல்லாமல் வெறுமையாக விடச் சொல்லுங்கள். சர்வீஸ் செய்த தேதியையும் மாற்றிய உதிரிபாகத்தையும் அதில் பேனாவால் எழுதிக் கொடுத்தால், அந்தக் கார்டை யாரும் தூக்கிப் போட மாட்டார்கள். ஸ்டெபிலைசரின் பக்கவாட்டில் ஒட்ட ஒரு சிறிய ஸ்டிக்கரும் அடித்துக்கொள்ளுங்கள். உங்கள் தொழிலுக்குக் கார்டை விட அது ஒரு படி மேல் என்றே சொல்வேன்.

ராஜாஜி சாலையில் உள்ள ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் பணிபுரிகிறேன். போனைத் தொட்டால் விவரம் போய்ச் சேரும் என்எஃப்சி கார்டு ஒன்றை எங்களுக்கு வழங்கியிருக்கிறார்கள். இனி காகிதக் கார்டு வேண்டியதில்லையா?
– வாசகி, மண்ணடி

அந்தக் கார்டுக்குள் ஒரு மெல்லிய கம்பிச் சுருளும் ஒரு சிப்பும் இருக்கின்றன. பேட்டரி கிடையாது, 13.56 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் போன் வெளியிடும் காந்தப்புலத்திலிருந்தே சிப் தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் சில சென்டிமீட்டர் நெருக்கத்தில் மட்டுமே அது வேலை செய்கிறது. இத்தகைய கார்டுகளில் பரவலாகப் பயன்படும் சிப் வகைகளுள் ஒன்றில் நாம் எழுதக்கூடிய இடம் வெறும் 144 பைட் (ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் வேண்டும்). ஆகவே பெரும்பாலும் உங்கள் பெயரோ முகவரியோ கார்டில் இருப்பதில்லை, ஓர் இணையச் சுட்டி மட்டுமே இருக்கும். மற்றவை யாவும் கார்டு விற்ற நிறுவனத்தின் சர்வரில் கிடக்கும். அந்த நிறுவனம் கடையைக் கட்டினாலோ, உங்கள் அலுவலகம் ஆண்டுச் சந்தாவைப் புதுப்பிக்காமல் விட்டாலோ, நீங்கள் இதுவரை நீட்டிய கார்டின் சுட்டி ஒரே நாளில் செயலற்றுப் போகலாம். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று விற்கப்படும் 'டைனமிக்' கியூஆர் குறியீட்டுக்கும் இது பொருந்தும். இதைச் சொல்லாமல் விற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்தச் சுட்டி உங்கள் நிறுவனத்தின் சொந்த இணையதளத்துக்குப் போகும்படி அமைக்க முடியுமா என்று அலுவலகத்தில் கேளுங்கள்.

உங்கள் வேலையில் லாரி புக்கிங் அலுவலகம், கோடவுன், ஏற்றுமதியாளர் என்று பலதரப்பட்டவர்களைச் சந்திக்கிறீர்கள். கோடவுன் பொறுப்பாளரின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கும் கார்டு, ஷிஃப்ட் மாறி அடுத்து வந்து உட்காருபவருக்கும் உதவும். ஜப்பானிய நிறுவனத்தாரைச் சந்திக்கும் வாய்ப்பு இருந்தால் காகிதக் கார்டு கட்டாயம் கையில் இருக்கட்டும். இரு கைகளாலும் கொடுத்து, வாங்கிய கார்டை நின்று படித்துப் பார்ப்பது அவர்களிடம் மரியாதையின் ஒரு பகுதி.

என் கார்டில் தமிழிலேயே பெயரும் முகவரியும் வரும்படி கியூஆர் குறியீடு போட்டேன். பல போன்களில் அது ஸ்கேன் ஆகவே மறுக்கிறது. தமிழ் என்பதுதான் காரணமா?
– வாசகர், பெரம்பூர்

ஓரளவுக்கு ஆம், ஆனால் தமிழைக் கைவிட வேண்டியதில்லை. 1994-இல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனம் வாகன உதிரிபாகங்களைக் கணக்கெடுக்க உருவாக்கியதுதான் கியூஆர். உள்ளே எழுதுவது கூடக்கூட அதன் கட்டங்களும் கூடும். 'பாலசுப்பிரமணியன்' என்பதை ஆங்கில எழுத்தில் எழுதினால் 15 பைட் போதும். தமிழில் மெய்யெழுத்தின் புள்ளியும் உயிர்மெய்யின் துணைக்குறியும்கூடத் தனித்தனி குறியீடாகக் கணக்காகின்றன. எழுத்துகளைக் கணினியில் பதியும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட். எனவே அதே பெயர் 48 பைட் எடுக்கிறது. ஸ்கேன் செய்ததும் போனில் பதிந்துகொள்ள உதவும் தொடர்பு அட்டை (விகார்டு) வடிவத்தில் பெயர் இரண்டு இடங்களில் எழுதப்படும். முகவரியையும் சேர்த்தால் 200 பைட்டை எளிதாகத் தாண்டிவிடும். அப்போது குறியீட்டின் ஒரு பக்கத்தில் 57 கட்டங்களோ அதற்கு மேலோ வரும். 2 சென்டிமீட்டர் அகலத்தில் அதை அடித்தால் ஒரு கட்டம் 0.35 மில்லிமீட்டர்தான், மை சற்றுப் பரவினாலும், பளபளப்பான லேமினேஷனில் விளக்கொளி பட்டாலும் போன் திணறும்.

கண்ணால் படிப்பதற்குத் தமிழைப் பெரிதாக அச்சிடுங்கள். கியூஆருக்குள் உங்கள் எண்ணுக்கு வாட்ஸ்அப் உரையாடலைத் திறக்கும் சுட்டியை மட்டும் வையுங்கள். அது 26 பைட், 25 கட்டங்களில் அடங்கிவிடும். யாருடைய சந்தாவும் அதற்குத் தேவையில்லை. சுற்றிலும் நான்கு கட்ட அளவுக்கு வெள்ளை இடம் விடச் சொல்லுங்கள். 2016-இல் யுபிஐ வந்த பிறகு கியூஆர் என்றாலே பணம் செலுத்தத்தான் என்று நினைத்து ஜிபேயைத் திறப்பவர்கள் ஏராளம். 'என் எண்ணைப் பெற, கேமராவில் ஸ்கேன் செய்க' என்று ஒரு வரியைக் கீழே சேர்த்துவிடுங்கள்.

லேமினேஷன் செய்த கார்டைப் பழைய பேப்பரோடு போடலாமா?
– வாசகி, வியாசர்பாடி

கூடாது. அதன்மேல் ஒட்டியிருப்பது பிளாஸ்டிக் படலம். காகிதக் கூழ் ஆக்கும்போது அது தடையாகிறது. படலம் இல்லாத 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) அட்டையே பெரும்பாலான தொழில்களுக்குப் போதுமானது.

ஜார்ஜ் டவுனில் சிறிய அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, பில் புக், விசிட்டிங் கார்டு ஆகியவைதான் என் தொழில். கார்டு ஆர்டர் குறைந்துகொண்டே வருகிறது. இந்த வேலையை நிறுத்திவிடலாமா?
– அச்சக உரிமையாளர், பாரிமுனை

நிறுத்த வேண்டாம் என்பதே என் கருத்து. உங்களைச் சுற்றி ஆண்டர்சன் தெருவில் காகிதமும் அழைப்பிதழும் விற்கும் கடைகள் வரிசையாக இருப்பதால், உங்களுக்கு இருக்கும் வசதி புறநகரில் இருப்பவருக்குக் கிடையாது. குறையப்போவது மொத்தமாக அடிக்கும் வேலை. ஆஃப்செட் அச்சில் நான்கு வண்ணத்துக்கு நான்கு பிளேட் (அச்சுத் தகடு) போட வேண்டும். நூறு கார்டு அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் பிளேட் செலவும் மெஷினைத் தயார்ப்படுத்தும் உழைப்பும் ஒன்றுதான். ஆயிரம் அடிப்பது வழக்கமானதற்கு அதுவே காரணம். பலருடைய கார்டுகளை ஒரே தாளில் சேர்த்து அடிப்பவர்களோடு விலையில் போட்டியிட்டு உங்களால் ஜெயிக்க முடியாது. அந்தப் போட்டியில் இறங்காதீர்கள்.

பிளேட் தேவைப்படாத டிஜிட்டல் மெஷின் வைத்திருப்பவரோடு ஏற்பாடு செய்துகொண்டு, சிறு எண்ணிக்கை ஆர்டர்களை மனமுவந்து வாங்குங்கள். எலெக்ட்ரீஷியன், பிளம்பர், தையற்கடைக்காரர் ஆகியோருக்கு இணையத்தில் கார்டு வடிவமைக்க நேரம் இருக்காது. எதிரில் உட்கார்ந்து, என்ன எழுத வேண்டும் என்று கேட்டு, எழுத்துப் பிழை இல்லாமல் செய்து தரும் ஒருவர் அவர்களுக்குத் தேவை. கார்டோடு ஸ்டிக்கரையும் சர்வீஸ் தேதி எழுதும் சீட்டையும் சேர்த்துக் கொடுங்கள். கியூஆர் உள்ள கார்டு என்றால் கம்ப்யூட்டர் திரையில் பார்த்ததோடு விட்டுவிடாமல், ஒரு புரூஃப் அச்சிட்டு, கேமரா மங்கிய பழைய போன் ஒன்றில் ஸ்கேன் செய்து பாருங்கள். அச்சிட்ட எண்ணுக்கு வாடிக்கையாளர் முன்னிலையிலேயே ஒரு முறை அழைத்து, அவருடைய போன் ஒலித்த பிறகு மெஷினுக்கு அனுப்புங்கள்.