எந்த பிராஞ்சில் நிற்கிறோம்?

கேள்வி: கிட்டில் (கோட் மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் கருவி) இப்போது எந்த பிராஞ்சில், அதாவது எந்த வேலைக் கிளையில், இருக்கிறேன் என்று சட்டென்று பார்ப்பது எப்படி?

'கிட் ஸ்டேட்டஸ்' போடுங்கள், முதல் வரியிலேயே பெயர் வந்துவிடும். கமிட் ஆகாமல், அதாவது கிட்டில் பதிவாகாமல், கிடக்கும் ஃபைல்களும் கூடவே தெரிவதால் என் கை தானாக இதற்குத்தான் போகும். வெறும் 'கிட் பிராஞ்ச்' அடித்தால் பட்டியல் வரும், நட்சத்திரக் குறி போட்டிருப்பது உங்களுடையது. பெயர் மட்டும் போதுமென்றால் 'கிட் பிராஞ்ச் --ஷோ-கரண்ட்'. இது 2019-இல் வந்த 2.22 பதிப்பில்தான் சேர்ந்தது, அதனால் பழைய சர்வரில் பிழை காட்டினால் பதற வேண்டாம்.

கேள்வி: பெயருக்குப் பதில் 'ஹெட் டிடாச்டு' என்று வருகிறதே, எதையாவது கெடுத்துவிட்டேனா?

இல்லை. புராஜெக்ட்டுக்குள் இருக்கும் '.கிட்' ஃபோல்டரில் 'ஹெட்' என்று ஒரு ஃபைல் இருக்கும், அதைத் திறந்து பாருங்கள். 'ரெஃப்: ரெஃப்ஸ்/ஹெட்ஸ்/மெயின்' என்பது போல ஒரே ஒரு வரி. அவ்வளவுதான், நீங்கள் நிற்கும் பிராஞ்ச் என்பது அந்த ஒரு வரி. ஒரு டேகையோ (ஒரு கமிட்டுக்கு ஒட்டிய பெயர்ச்சீட்டு) பழைய கமிட்டையோ நேராக செக்-அவுட் செய்தால் அந்த இடத்தில் பிராஞ்ச் பெயருக்குப் பதில் கமிட்டின் நீளமான ஹாஷ் (அடையாளக் குறியீடு) வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த நிலையிலும் கமிட் செய்யலாம், கிட் தடுக்காது, ஆனால் அந்தக் கமிட்டுகளைப் பிடித்துக்கொள்ள எந்தப் பிராஞ்சும் இல்லை, வேறு பிராஞ்சுக்குத் தாவிய நொடியில் அவை அந்தரத்தில் தொங்கும். அதனால் தாவும் முன் 'கிட் ஸ்விட்ச் --கிரியேட்' போட்டு ஒரு பெயர் கொடுத்துவிடுங்கள். ஏற்கெனவே தாவிவிட்டீர்களா? சரி, 'கிட் ரெஃப்லாக்' பாருங்கள், ஹெட் போய்வந்த இடங்களின் பதிவு அது, வழக்கமான அமைப்பில் 30 நாளாவது அங்கே தடம் இருக்கும்.

கேள்வி: என் கணினியில் சரியாக வரும் பிராஞ்ச் பெயர் சிஐ சர்வரில் (கோடைத் தானாக பில்ட் செய்து சோதிக்கும் சர்வர்) காலியாக வருகிறது.

மேலே சொன்ன அதே கதைதான். பல சிஐ கருவிகள் கமிட்டை நேராக எடுத்து வைக்கும், அங்கே '--ஷோ-கரண்ட்' எதையும் அச்சிடாது. சிஐ கருவியே பிராஞ்ச் பெயரை ஒரு என்விரான்மென்ட் வேரியபிளில் வைத்திருக்கும், ஸ்கிரிப்ட்டில் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தெரியாமல் மெயினிலேயே கமிட் போட்டுவிட்டேன். இன்னும் புஷ் செய்யவில்லை, அதாவது சர்வருக்கு அனுப்பவில்லை.

நல்ல வேளை. நிற்கும் இடத்திலேயே 'கிட் பிராஞ்ச் புதுப்பெயர்' அடியுங்கள், கமிட் அதில் பத்திரம். அப்புறம் 'கிட் ரீசெட் --கீப் ஹெட்~1', மெயின் ஒரு படி பின்னே போகும். இந்த இடத்தில் பலரும் '--ஹார்டு' சொல்லித் தருவார்கள். நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன், கமிட் செய்யாத அரை நாள் வேலை ஒருநாள் மொத்தமாகக் காணாமல் போகும்வரை. '--கீப்' அப்படி அழிக்கவிருந்தால் மறுத்து நின்றுவிடும். அதற்கப்புறம்தான் டெர்மினல் பிராம்ப்டிலேயே பிராஞ்ச் பெயர் தெரியும்படி வைத்தேன். 'கிட்-பிராம்ப்ட்' என்ற ஸ்கிரிப்ட் கிட்டோடு சேர்ந்தே வருகிறது.

கேள்வி: எங்கள் டீமில் இன்னும் எஸ்விஎன்தான் (கிட் போலவே இன்னொரு கருவி). அதில் பிராஞ்சை எப்படிப் பார்ப்பது?

'எஸ்விஎன் இன்ஃபோ' போட்டு யூஆர்எல் வரியைப் பாருங்கள். அங்கே பிராஞ்ச் என்பதே ஒரு டைரக்டரிதான்.