பொடியிலேயே முடிவாகிவிடும் காந்தம்

கேள்வி: மோட்டாருக்கு நியோடிமியம் காந்தங்களை இரண்டு இடங்களில் வாங்கினோம். கலவை ஒன்றுதான் என்கிறார்கள். ஆனால் ஒன்று சூடேறியதும் பலமிழக்கிறது, மற்றது தாங்குகிறது. ஏன்?
- ஒரு வாசகர், கோவை

பதில்: கலவை ஒன்றாகவே இருந்தாலும் பொடி ஒன்றாக இருந்திருக்காது. நியோடிமியம், இரும்பு, போரான் மூன்றையும் உருக்கி வார்த்தால் மட்டும் நல்ல காந்தம் கிடைத்துவிடாது. அதைப் பொடியாக்கி, காந்தப் புலத்தில் வைத்து அழுத்தி, சுமார் 1,050 டிகிரியில் சுட வேண்டும்.

முதலில் ஹைட்ரஜன். உலோகம் அதை உறிஞ்சி உப்பி, தானாகவே வெடித்து உதிர்கிறது. அப்புறம் ஜெட் மில்லில் நைட்ரஜன் வேகத்தில் துகள்கள் ஒன்றோடொன்று மோதி 3 முதல் 5 மைக்ரான் வரை பொடியாகும். இந்த அளவில் ஒரு துகள் பெரும்பாலும் ஒற்றைப் படிகம்தான், புலம் வைத்ததும் எல்லாம் ஒரே திசைக்குத் திரும்பும். சுட்ட பிறகும் படிகங்கள் சிறிதாகவே இருந்தால் சூட்டிலும் எதிர்ப்புலத்திலும் காந்தம் தாக்குப்பிடிக்கும். இந்தத் தாக்குப்பிடிக்கும் திறனைத்தான் கோயர்சிவிட்டி என்கிறோம். பொடியில் கொஞ்சம் பெரிய துகள்கள் கலந்திருந்தாலும் போச்சு, சுடும்போது அவை பக்கத்துப் படிகங்களை விழுங்கி வளர்ந்துவிடும்.

சரி, இன்னும் நைசாக அரைத்தால் என்ன என்று தோன்றும். அங்கேதான் சிக்கல்: பொடி நைசாக ஆக ஆக மேற்பரப்பு கூடி ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்கிறது, வெளிக்காற்று பட்டால் தீப்பிடிக்கவும் செய்யும். படிகங்களுக்கு நடுவே உருகி ஓடி அவற்றைப் பிரித்து வைக்க வேண்டிய நியோடிமியம் ஆக்சைடாக மாறிவிட்டால், காந்தம் சரியாக இறுகாது, கோயர்சிவிட்டியும் விழும். மலிவு விலைக் காந்தங்களில் முதலில் நான் சந்தேகப்படுவது இதைத்தான். 1982இல் இந்தக் காந்தத்தைக் கண்டுபிடித்த ஜப்பானியர் மசாட்டோ சகாவாவே பிற்பாடு, நைட்ரஜனுக்குப் பதில் ஹீலியம் ஜெட் மில்லில் பொடியைச் சுமார் 1 மைக்ரானுக்குக் கொண்டுபோய், காற்றே படாமல், அழுத்தாமலேயே சுட்டு, கோயர்சிவிட்டியைக் கூட்டச் சேர்க்கும் விலையேறிய டிஸ்ப்ரோசியம் என்ற உலோகம் இல்லாமல் சுமார் 2 டெஸ்லா கோயர்சிவிட்டி எடுத்துக் காட்டினார்.

உங்கள் விஷயத்தில் கிரேடு எழுத்தையும் பாருங்கள். வெறும் என்42 பொதுவாக 80 டிகிரி வரைதான் தாங்கும், எஸ்ஹெச் என்று முடிந்தால் 150 வரை. அடுத்த முறை மோட்டார் ஓடும் சூட்டில் எடுத்த டீமேக்னடைசேஷன் வளைவையும் (எதிர்ப்புலத்தில் காந்தம் எப்படிப் பலமிழக்கிறது என்று காட்டும் வரைபடம்) ஆக்சிஜன் அளவையும் கேளுங்கள். தர மறுக்கிறவரிடம் வாங்காதீர்கள்.