எல்லை தாண்டும் லொறிச் சாரதிகளுக்கு எவ்வளவு ஆங்கிலம் வேண்டும்? – கேள்வி பதில்

ஸ்காபரோ: அண்ணை, ஏ-செட் லொறி லைசன்ஸ் எடுத்திட்டன். பஃபலோ வழியா ஒஹாயோ ஓடச் சொல்லுகினம். றோட்டில மறிச்சு இங்கிலிஷ் டெஸ்ட் வைக்கினமாம். என்ன கேப்பினம்?

தம்பி, அது பள்ளிக்கூடப் பரீட்சை அல்ல. அமெரிக்க மத்திய விதி 391.11 சாரதியிடம் நான்கு விடயங்களை எதிர்பார்க்கிறது: பொதுமக்களோடு பேசுவது, ஆங்கிலத்தில் உள்ள வீதிப் பலகைகளை விளங்கிக்கொள்வது, அதிகாரி கேட்பதற்குப் பதில் சொல்வது, பதிவேடுகளை எழுதுவது. விதி 1930களிலிருந்தே இருக்கிறது. இறுக்கிப் பிடிக்கத் தொடங்கியதுதான் புதிது. 2025 ஏப்ரல் 28இல் ஜனாதிபதியின் ஆணை வந்தது. மே 20இல் அமெரிக்க லொறிப் பாதுகாப்பு நிர்வாகமான எஃப்எம்சிஎஸ்ஏ, பரிசோதகர்களுக்கான நடைமுறையை வெளியிட்டது. ஜூன் 25 முதல், தேறாதவரை அந்த இடத்திலேயே வண்டி ஓட்டவிடாமல் நிறுத்துகிறார்கள்.

வழமையான சோதனையை அதிகாரி ஆங்கிலத்தில் தொடங்குவார். உங்களுக்கு விளங்கவில்லை என்று அவருக்குப் பட்டால்தான் மொழிச் சோதனை ஆரம்பமாகும். முதலில் நேர்காணல்: எங்கேயிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள், என்ன சாமான், இன்றைக்கு எவ்வளவு நேரம் ஓட்டினீர்கள், லைசன்ஸ் எங்கே, சரக்குப் பத்திரம் எங்கே. அதில் தேறினால் வீதிப் பலகைகளைக் காட்டி விளக்கம் கேட்பார். நேர்காணலிலேயே தவறினால் பலகை வரை போகத் தேவையில்லை.

எங்கள் ஆட்கள் தடுக்குவது பெரும்பாலும் ஒரே இடத்தில். 'ஹவ் லோங் ஹாவ் யூ பீன் ட்ரைவிங்?' என்பது வேறு, 'ஹவ் லோங் ஹாவ் யூ பீன் ஒன் டியூட்டி?' என்பது வேறு. முன்னதற்கு அமெரிக்காவில் 11 மணித்தியால எல்லை. டியூட்டி தொடங்கி 14 மணித்தியாலம் ஆனபின் ஓட்டவே கூடாது. சாமான் ஏற்றக் காத்திருந்து வேலை என்று பதிந்த நேரம் டியூட்டியில் சேரும், ட்ரைவிங்கில் சேராது. கேள்வியை மாற்றி விளங்கி 12 என்று சொன்னால், 11ஐத் தாண்டிவிட்டேன் என்று நீங்களே வாக்குமூலம் கொடுத்ததாகிவிடும்.

அடுத்தது ஈஎல்டி, அதாவது ஓட்டிய நேரத்தைத் தானாகப் பதியும் கருவி. பதிவை அனுப்பச் சொல்லும்போது அதிகாரி ஒரு குறியீட்டை எழுத்து எழுத்தாகச் சொல்லி, 'கொமென்ற்' பெட்டியில் போடச் சொல்வார். பி, டி, வி காதில் ஒன்றுபோல விழும். எழுதித் தரும்படி கேளுங்கள், அதில் குற்றமே இல்லை. எல்லை தாண்டியவுடன் ஈஎல்டி அமெரிக்க விதிக்கு மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். கனடாவில் ஓட்ட 13 மணித்தியாலம், அங்கே 11.

எல்லாவற்றுக்கும் மேல் ஒன்று: விளங்காமல் 'யெஸ்' சொல்லாதீர்கள். 'சொறி ஒஃபிசர், ப்ளீஸ் சே தற் அகெய்ன்' என்று கேட்பதும் ஆங்கிலத்தில் பேசுவதுதான். விளங்காத கேள்விக்கு யெஸ், யெஸ் என்று தலையாட்டுவதுதான் ஆங்கிலம் தெரியாது என்பதைக் காட்டிக்கொடுக்கும்.

பிரம்டன்: பாடமாக்கிறதுக்குக் கேள்வி லிஸ்ட் ஏதும் இருக்கோ?

இல்லை. பாடமாக்கினால் கேள்வியின் வரிசை மாறியவுடன் மாட்டுப்படுவீர்கள். உங்கள் நேற்றைய பயணத்தை ஆங்கிலத்தில் ஒருவருக்குச் சொல்லிப் பழகுங்கள். இடம், நேரம், சாமான், நின்ற இடம், வண்டியில் கண்ட பழுது. அது போதும்.

மொன்றியல்: எனக்குத் தமிழும் பிரெஞ்சும் நல்லா வரும். பிரெஞ்சும் கனடாவின்ர அரச மொழிதானே, ஏற்பினமோ?

அமெரிக்க றோட்டில் பிரெஞ்சைக் கணக்கில் எடுக்கமாட்டார்கள். கியூபெக்குக்குள் மட்டும் ஓடுவதென்றால் இந்த விதி உங்களைத் தொடாது.

வின்சர்: அண்ணை, சும்மா பயப்படுத்தாதேங்கோ. போனில கூகிள் ட்ரான்ஸ்லேற் இருக்கு. 2016இல அமெரிக்காவே அதை விட்டிட்டுது.

2016 ஜூனில் வந்த சுற்றறிக்கையைச் சொல்கிறீர்கள். ஆங்கிலம் போதாது என்பதற்காகச் சாரதியை நிறுத்தத் தேவையில்லை என்று அது சொன்னது உண்மை. 2025 மே நடைமுறை அதை நீக்கிவிட்டது. நேர்காணலில் மொழிபெயர்ப்பாளர், போன் செயலி, குறிப்பு அட்டை, தொலைபேசி வழி மொழிபெயர்ப்பு எதுவும் கூடாது. போனைக் கையில் எடுக்காதீர்கள்.

வின்சர்: கனடா லைசன்ஸை அமெரிக்கா ஏற்கிறதெண்டு ஒப்பந்தம் இருக்கு. லைசன்ஸை ஏற்றால் ஆளையும் ஏற்கத்தானே வேணும்?

இல்லை. ஒப்பந்தம் ஏற்பது லைசன்ஸை. ஓட்டத் திறமை இருக்கிறது, இன்னொரு லைசன்ஸ் எடுக்கத் தேவையில்லை என்பதோடு அது முடிந்தது. 391.11 சாரதியின் தகுதி பற்றிய வேறொரு பகுதி. அமெரிக்க மண்ணில் ஓடும் கனடியருக்கும் அது பொருந்தும். மெக்சிகோ எல்லையோர வணிக வலயங்களுக்குள் மட்டும், குற்றம் எழுதினாலும் வண்டியை நிறுத்தாமல் விடுகிறார்கள். டிட்ரோயிட்டுக்கும் பஃபலோவுக்கும் அந்தச் சலுகை இல்லை.

மிசிசாகா: வின்சர்காரர் சொல்லுறதிலயும் ஞாயம் இருக்கு. இருபது வருசம் விபத்தில்லாமல் ஓடின ஆளை அக்சென்ற்ருக்காக இறக்கிறது அநியாயம்.

உச்சரிப்புக்காக இறக்கினால் அநியாயம்தான். ஆனால் விதியில் உச்சரிப்பு என்ற பேச்சே இல்லை, இலக்கணமும் இல்லை. பலகையின் பொருளை எந்த மொழியிலும் சொல்லலாம், அதிகாரிக்கு அது விளங்கினால் போதும். எவ்வளவு ஆங்கிலம் 'போதும்' என்பதை அந்தந்த அதிகாரி தீர்மானிப்பதால் ஆளுக்கு ஆள் வித்தியாசம் வரும். அந்தக் குறையை நானும் ஏற்கிறேன்.

வின்சர்: பலகையில படம்தானே இருக்கு. படத்துக்கு என்னத்துக்கு இங்கிலிஷ்?

வளைவுக்கும் சறுக்கலுக்கும் படம் இருக்கிறது. 'ப்ரிட்ஜ் ஐஸஸ் பிஃபோர் ரோட்' (றோட்டுக்கு முன் பாலம் உறையும்) என்பதற்கு? 'ரன்அவே ட்ரக் ராம்ப்' (பிறேக் போன லொறி ஏறி நிற்கும் பாதை) என்பதற்கு? பென்சில்வேனியா மலை இறக்கத்தில் பிறேக் சூடேறிப் பிடிக்காமல் போகும் நேரம், அந்த மூன்று சொல்தான் உங்களைக் காப்பாற்றும் வழியைக் காட்டும். மின்பலகையில் 'ஓல் லேன்ஸ் ஸ்டொப்ட் அஹெட்' என்று எழுத்து மட்டுமே ஓடும். 80,000 இறாத்தல் வண்டி வாசித்த உடனே நிற்காது. இதை அதிகாரிக்காகப் படிக்க வேண்டாம், உங்களுக்கும் முன்னால் நிற்கும் காருக்கும் படியுங்கள். இந்த வாதத்தை இதோடு விடுவோம், மற்றவர்களும் காத்திருக்கிறார்கள்.

நியூ ஜேர்சி: என்ர மனுசன் இங்கயே சிடிஎல் (அமெரிக்க லொறி லைசன்ஸ்) எடுக்கப் போறார். டெஸ்டைத் தமிழில எடுக்கலாமோ?

இல்லை அக்கா. மத்திய விதி 383.133இன்படி ஓட்டப் பரீட்சை முழுவதும் ஆங்கிலத்தில்தான். பரிசோதகருக்கே தமிழ் தெரிந்திருந்தாலும் பேசக்கூடாது. எழுத்துப் பரீட்சைக்கும் மொழிபெயர்ப்பாளரை விடமாட்டார்கள். அதையும் ஆங்கிலத்திலேயே படிக்கச் சொல்லுங்கள்.

அவருக்குக் கடினமாக இருக்கப்போவது வண்டிச் சோதனை. பாகத்தைத் தொட்டு அல்லது சுட்டிக்காட்டி, பெயரைச் சொல்லி, எதைப் பார்க்கிறார் என்றும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிறேக்கின் தளர்வைச் சரிசெய்யும் பாகத்தைக் காட்டி 'ஸ்லாக் அட்ஜஸ்டர்' என்று பெயரை மட்டும் சொன்னால் புள்ளி வராது. உடையவில்லை, இறுக்கமாக இருக்கிறது, பிறேக்கை விடுவித்துக் கையால் இழுத்தால் ஒரு அங்குலத்துக்கு மேல் அசையவில்லை என்பதெல்லாம் வர வேண்டும். முன் ரயரில் தடப் பள்ளத்தின் ஆழம் குறைந்தது அங்குலத்தில் 32இல் 4 பங்கு, மற்ற ரயர்களில் 32இல் 2 பங்கு. காற்றுப் பிறேக்கில், ரெயிலர் பூட்டிய வண்டியின் எஞ்சினை நிறுத்திப் பெடலை அழுத்திப் பிடித்தால் ஒரு நிமிடத்தில் காற்றழுத்தம் 4 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கக்கூடாது. கையால் சரியாகச் செய்துவிட்டு வாயால் சொல்லாமல் விட்டுப் புள்ளி இழப்பவர்கள் பலர். ஒரு நாளைக்கு ஒரு பகுதி: எஞ்சின், அடுத்த நாள் முன் சில்லு, பிறகு ரெயிலரைப் பூட்டும் ஐந்தாம் சில்லும் கிங்பின்னும். வண்டிக்குப் பக்கத்தில் நின்று சத்தமாகச் சொல்லிப் பழக வேண்டும். கதிரையில் இருந்து வாசித்தால் நாக்கில் ஏறாது.

ஏஜாக்ஸ்: அண்ணை, கேள்வி லிஸ்ட் இருந்தால் போடுங்கோ.

பிரம்டனுக்குச் சொன்னதைப் பாருங்கள்.

ஒட்டாவா: காது கேளாத சாரதி இதில தப்பேலாதோ?

கேட்டல் தகுதிக்கு எஃப்எம்சிஎஸ்ஏயின் விலக்குப் பெற்றவரை, பேச முடியவில்லை என்பதற்காக இதில் குற்றம் காண முடியாது. விலக்குக் கடிதம் கையில் இருக்க வேண்டும்.

நியூ யோர்க்: வேர்க் பெர்மிற் வைத்திருக்கிறவைக்கு சிடிஎல் நிப்பாட்டியாச்சோ?

அது ஆங்கில விதி அல்ல, குடிவரவு விவகாரம், நீதிமன்றம் வரை போனது. குடிவரவு வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

மார்க்கம்: மறிச்சால் போனை ஸ்பீக்கரில போட்டு, எங்களை ஓட அனுப்புற டிஸ்பாட்சரைப் பேச விட்டால்?

போனைக் கையில் எடுக்காதீர்கள் என்று மேலேயே சொல்லியாயிற்று. நேர்காணலில் அதை ஏற்கமாட்டார்கள். உங்களை நிறுத்தினால் அதே வண்டியை எடுக்க நிறுவனம் வேறு சாரதியை அனுப்ப வேண்டும். தகுதியில்லாதவரை ஓடவிட்ட பழி நிறுவனத்துக்கும் உண்டு. ஆகவே அனுப்ப முன் டிஸ்பாட்சர் உங்களோடு ஆங்கிலத்தில் பத்து நிமிடம் பேசட்டும்.

ஸ்காபரோ: நன்றி அண்ணை. பாலத்து உயரம் அடியில எழுதியிருக்கும், எனக்கு மீற்றர்தான் பழக்கம்.

நல்ல கேள்வி. ஒன்ராறியோவில் 4.15 மீற்றர் வரை ஓடலாம். நியூ யோர்க், பென்சில்வேனியா, ஒஹாயோ, மிச்சிகன் எல்லாவற்றிலும் பொது எல்லை 13 அடி 6 அங்குலம், அதாவது 4.11 மீற்றர். இங்கே சட்டப்படி சரியான உயரம் அங்கே நாலு சென்றிமீற்றர் கூடிப்போகலாம். ரெயிலர் உயரத்தை அடியிலும் அங்குலத்திலும் எழுதி டாஷில் ஒட்டிவிடுங்கள். 'லோ கிளியரன்ஸ்' பலகையில் அதைவிடச் சிறிய எண்ணைக் கண்டால் பாலத்துக்குக் கீழே போகாமல் நிறுத்தி, வேறு பாதை கேளுங்கள்.