பயிற்சியாளர் வேண்டப்பட்ட பிள்ளைகளையே ஆட விடுகிறார். என் மகனை அணியிலிருந்து எடுத்துவிடலாமா?

உங்கள் மகனுக்குப் பதினொரு வயது, இரண்டு வருடமாகப் பள்ளிக் காற்பந்து அணியில் இருக்கிறான், இதுவரை ஒரு ஆட்டத்தில்கூட முழுப் பாதி நேரம் ஆடியதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பயிற்சியாளருக்கு வேண்டியவர்களின் பிள்ளைகள்தான் எப்போதும் திடலில் நிற்கிறார்கள், எடுத்துவிடலாமா, பொறுத்துப் போகச் சொல்லலாமா என்று கேட்கிறீர்கள். இதே கேள்வியை வைத்துக்கொண்டு நான் பல இரவு தூங்காமல் கிடந்திருக்கிறேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நாங்கள் மலேசியாவில், பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம். என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். நான் பிறந்தது தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டில். இப்போது தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில் இருக்கிறோம். கணவர் செம்பனைக் (எண்ணெய்ப்பனை) குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார், நான் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. பெரியவன் ஆறாம் ஆண்டு படிக்கும்போது பள்ளி அணியில் இருந்தான். 17ஆம் எண் ஜெர்சி. அதைத் தலைமாட்டில் மடித்து வைத்துக்கொண்டுதான் படுப்பான்.

ஒரு சனிக்கிழமை ஆட்டம் முடிந்து வந்தான். எனக்கு அன்று காலை ஷிப்டு, போக முடியவில்லை. "ஆடினியாடா?" என்றேன். "ஆடினேம்மா" என்று சொல்லிவிட்டு நேராகக் குளிக்கப் போய்விட்டான். துவைக்க எடுத்தால் ஜெர்சி முழுக்கச் செம்மண். சந்தோஷமாக இருந்தது. பிறகு காலுறையை எடுத்தேன், வெள்ளை வெளேரென்று இருந்தது. பூட்ஸைத் திருப்பிப் பார்த்தேன், அடியில் ஒரு புல்கூட ஒட்டவில்லை. வரும் வழியில் ரோட்டோரத்து மண்ணை அள்ளித் தானே பூசிக்கொண்டு வந்திருக்கிறான். அம்மா கேட்பாள் என்று பிள்ளை அந்த வேலை செய்திருக்கிறான். வாஷிங் மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

அடுத்த வாரம் நான் செய்தது தப்பு. நீங்கள் செய்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். ஆட்டம் தொடங்கும் முன்பே, மற்றப் பெற்றோர் எல்லாரும் பார்க்க, பயிற்சியாளரிடம் போய், "என் மகன் மட்டும் என்ன சார், தண்ணி பாட்டில் தூக்கவா வர்றான்?" என்று கேட்டேன். கடைசி மூன்று நிமிடம் இறக்கினார். பந்து அவன் பக்கமே வரவில்லை. திங்கட்கிழமை வகுப்பில் பையன்கள், "உங்கம்மா கேட்டு வாங்கிக் குடுத்த மூணு நிமிஷம்" என்று கேலி செய்திருக்கிறார்கள். ஒரு மாதம் அவன் என்னைத் திடலுக்கு வரவே விடவில்லை.

பாரபட்சம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன், இருந்தது. ஜெர்சிக்கும் பஸ் வாடகைக்கும் பணம் கொடுத்தவரின் மகன் எல்லா ஆட்டத்திலும் முழு நேரம் ஆடினான். ஆனால் அந்தப் பையனின் நிலைமையையும் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஒரு ஆட்டத்தில் பெனால்டியை வெளியே அடித்துவிட்டான். சொந்த அணிப் பிள்ளைகளே, "உங்கப்பா காசு குடுத்தாருன்னுதானே உன்னை அடிக்க விட்டாங்க" என்று அவன் முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை வாயைத் திறக்காமல் நின்றான். நன்றாக அடித்தாலும் அவன் பெயர் அவனுக்கு இல்லை. பெரியவர்கள் செய்யும் காரியம் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளையும் அடிக்கிறது. அதனால் வீட்டில் அந்த இன்னொரு பிள்ளையைப் பற்றித் தயவுசெய்து தாழ்வாகப் பேசாதீர்கள்.

இன்னொன்றும் எனக்கு வெகு நாள் கழித்துத்தான் புரிந்தது. அணிப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு மற்ற அம்மாமார்களோடு பேசிக்கொண்டிருந்தபோது யார் யார் எந்த மாதம் பிறந்தவர்கள் என்று பேச்சு வந்தது. ஆடும் பிள்ளைகளில் பெரும்பாலோர் பொங்கலுக்கும் சித்திரைக்கும் நடுவில் பிறந்தவர்கள். என் மகன் தீபாவளி கழிந்து நவம்பர் கடைசியில் பிறந்தவன். நம் நாட்டில் மாவட்டம், மாநிலம், எம்.எஸ்.எஸ்.எம் என்கிற தேசியப் பள்ளி விளையாட்டுப் போட்டி எல்லாவற்றிலும் 12 வயதுக்கு உட்பட்டோர், 15, 18 என்று பிறந்த வருடத்தை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவு. பதினொரு வயதில் பதினொரு மாதம் என்பது சாதாரண வித்தியாசமா? உயரத்திலும் தெரியும், ஓட்டத்திலும் தெரியும். 1980களில் கனடாவில் ரோஜர் பார்ன்ஸ்லி என்ற ஆய்வாளர் பனி ஹாக்கி ஆட்டக்காரர்களின் பிறந்த மாதங்களை எடுத்துப் பார்த்து, வருடத் தொடக்கத்தில் பிறந்தவர்களே அதிகம் தேர்வாகிறார்கள் என்று காட்டினார். காற்பந்திலும் அதே நிலைதான் என்று பிறகு பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். பெரிய பிள்ளையைத் திறமைசாலி என்று எடுக்கிறார்கள், எடுத்த பிள்ளைக்கே ஆட்டமும் பயிற்சியும் கிடைக்கிறது, ஆடி ஆடி அவன் உண்மையிலேயே திறமைசாலி ஆகிவிடுகிறான். இதில் யாருக்கும் யார்மேலும் பகை கிடையாது. ஆனால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு எல்லாம் ஒன்றாகத்தான் வலிக்கும். உங்கள் மகன் எந்த மாதம்?

என் கண்ணைத் திறந்தது என் அப்பாதான். நான் பயிற்சியாளரைத் திட்டிக்கொண்டே சோறு போட்ட ஒரு ராத்திரி, "அப்பல்லாம் இப்படி இல்லையேப்பா" என்றேன். அவர் உடனே, "யாரு சொன்னா? தோட்டத்து டீம்ல ஆபீஸ் கிராணியோட மச்சான்தான் எப்பவும் முன்னாடி நிப்பான். அவனுக்கு ஓடவே வராது. நாங்க கோட்டுக்கு வெளிய நிப்போம்" என்றார். "கோவம் வரலையா?" என்று கேட்டேன். "வந்துச்சு. ஆனா மறுநாள் சாயந்திரம் அதே திடல்ல நான்தானே ஆடுவேன்."

விடியாத நேரத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், மரம் வெட்டி, பாலைச் சேர்த்து ஸ்டோரில் ஊற்றிவிட்டு வந்தால், சாயங்காலம் எல்லாரும் திடலில்தான் இருப்பார்களாம். பெரியவன், சின்னவன், பூட்ஸ் இருப்பவன், வெறுங்கால் எல்லாரும். தோட்டங்களுக்கு இடையே நடக்கும் போட்டியில் இடம் கிடைக்காதவனும் வாரத்தில் ஆறு நாள் ஆடினான். தோட்டங்கள் கைமாறி, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, நிலம் வீடமைப்புக்குப் போய், சனங்கள் தாமான்களுக்குக் குடி வந்தபோது அந்தத் திடல்களில் பலவும் போய்விட்டன. எங்கள் தாமானில் ஊஞ்சலும் சறுக்குமரமும் இருக்கின்றன. பந்தை உதைத்தால் யாராவது ஒருவர் வீட்டுக் காரில்தான் படும். நம் பிள்ளைகளுக்கு ஆட்டம் என்றாலே பயிற்சியாளர் எழுதும் அந்தப் பட்டியல்தான் என்று ஆகிவிட்டது. அதில் பெயர் இல்லையென்றால் அந்த வாரம் பந்தே இல்லை.

நீங்கள் 'பொறுத்துப் போவது' என்று எழுதியிருக்கும் வார்த்தையில்தான் எனக்குச் சம்மதமில்லை. பெஞ்சில் உட்கார்ந்து காத்துக் கிடப்பதை விடாமுயற்சி என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள். காத்திருந்தால் ஆட்டம் வளராது, ஆடினால்தான் வளரும். பயிற்சியாளர் தராத நேரத்தை வேறு எங்கேயாவது தேடிக் கொடுப்பதுதான் பெற்றவர்கள் செய்ய வேண்டியது. நாங்கள் அதைத்தான் செய்தோம்.

தாமானுக்குப் பின்னால் பழைய தோட்டத் திடல், பாதி செம்பனை ஆகிவிட்டது, மீதிப் பாதி அப்படியே கிடந்தது. அப்பா பாராங் கத்தி எடுத்துப்போய் லாலான் புல்லை வெட்டினார். காலில் போடும் சிலிப்பரைக் கோல் கம்பமாக வைத்து நாலு பேரோடு ஆரம்பித்தது. பிறகு இடைநிலைப்பள்ளிப் பையன்களும் வந்தார்கள், பக்கத்துத் தாமான் மலாய்ப் பிள்ளைகளும் வந்தார்கள். தன்னைவிடப் பெரியவர்களோடு மோதித்தான் என் மகனுக்குப் பந்தைச் சீக்கிரம் விட்டுவிடும் பழக்கம் வந்தது.

அதோடு பயிற்சியாளரிடம் இரண்டாம் முறை போனேன். பயிற்சி முடிந்து அவர் பந்துகளை வலைப்பையில் போடும் நேரம், யாரும் இல்லை. ஏன் ஆட விடவில்லை என்று கேட்கவில்லை. "அவனுக்கு என்ன குறை சார்? வீட்ல என்ன செய்யணும்?" என்று மட்டும் கேட்டேன். அவர் முகம் மாறியது. "பந்து வர்றதுக்கு முன்னாடி தலையைத் தூக்கிப் பாக்க மாட்டேங்கறான். எடது கால்ல தொடவே மாட்டான்" என்றார். இரண்டு வருடத்தில் அவனைப் பற்றி அவர் சொன்ன முதல் வார்த்தை அதுதான். சம்பளமில்லாமல் பள்ளி முடிந்து நின்று பயிற்சி கொடுக்கிற வாத்தியார், மூன்றாவது தோல்விக்குத் தலைமையாசிரியரிடம் பதில் சொல்ல வேண்டியவர். பயத்தில் ஒரே பதினொரு பேரைத் திரும்பத் திரும்ப இறக்குகிறார் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அது சரி என்று சொல்லவில்லை. காற்பந்துச் சட்டத்தின் 3ஆவது விதியே, தேசியச் சங்கம் அனுமதித்தால், இளையோர் ஆட்டத்தில் வெளியே எடுத்தவரைத் திரும்ப இறக்கலாம் என்கிறது. உங்கள் போட்டியில் அது உண்டா என்று விசாரியுங்கள். உண்டென்றால், சின்னப் பிள்ளைக்குப் பத்து நிமிடம் கொடுக்க எந்தப் பயிற்சியாளருக்கும் பயம் தேவையில்லை. மாதக் கட்டணம் வாங்கும் அகாடமி என்றால் இன்னும் நேராகவே கேளுங்கள்: என் பிள்ளைக்கு எத்தனை நிமிடம்?

இடது காலுக்கு அப்பா ஒரு வழி செய்தார். வலது காலில் சிலிப்பர், இடது காலில் பூட்ஸ். சிலிப்பர் காலால் உதைத்தால் சிலிப்பர்தான் பறக்கும். வீட்டுப் பின்சுவரில் தினம் ஒரு மணி நேரம் டப் டப் என்று கேட்கும். சுவரில் அந்த வட்டக் கறை இன்னும் இருக்கிறது.

மனம் உடைந்த ஒரு நாள் அப்பா அவனுக்கு 1980ஆம் வருடக் கதையைச் சொன்னார். மெர்டேக்கா ஸ்டேடியத்தில் தென்கொரியாவை 2-1 என்று ஜெயித்து மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற நம் மலேசியக் காற்பந்து அணி, நாடு புறக்கணித்ததால் போகவே முடியாமல் போனது. தோட்டத்தில் எல்லாரும் ஸ்பைடர்மேன் என்று கூப்பிட்ட கோல்கீப்பர் ஆறுமுகம் இருந்த அணி அது. "அப்புறம் என்ன பண்ணாங்க, தாத்தா?" என்று கேட்டான். "என்ன பண்ணுவாங்க? திரும்ப ஆடத்தான் போனாங்க" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

எடுத்துவிட வேண்டிய நேரமும் உண்டு. பயிற்சி நாள் என்றாலே காலையில் வயிற்று வலி வருகிறதா, உடம்பையோ நிறத்தையோ இனத்தையோ சொல்லித் திட்டுகிறார்களா, கை நீட்டுகிறார்களா, அன்றைக்கே எடுத்துவிடுங்கள், தலைமையாசிரியருக்கு எழுத்திலும் கொடுங்கள். அது பாரபட்சம் என்ற கணக்கில் வராது. அதைப் பொறுத்துக்கொள்ளச் சொல்ல எந்தப் பெற்றோருக்கும் உரிமை இல்லை. அப்படி எதுவும் இல்லை, அவனுக்கும் ஆசை இருக்கிறது என்றால் இந்த வருடம் முடியும்வரை இருக்கட்டும். ஆனால் அவனைக் கேட்டு முடிவெடுங்கள். நான் கேட்டபோது, "ஆடலன்னாலும் பயிற்சிக்குப் போறேம்மா, அங்க நெசப் பந்து இருக்கு" என்றான்.

ஆறாம் ஆண்டு முடியும்வரை அவன் முதல் பதினொரு பேரில் வரவே இல்லை. இடைநிலைப்பள்ளியில் வேறு பயிற்சியாளர். பதினாலு வயதில் ஒரே வருடத்தில் காற்சட்டை எல்லாம் குட்டையாகிவிட்டது. இடது காலால் அடிப்பவர்கள் அணியில் யாரும் இல்லாததால் இடது தற்காப்பில் நிறுத்தினார்கள். 15 வயதுக்கு உட்பட்டோரில் மாவட்டத்துக்கு ஆடினான். மாநிலத் தேர்வுக்குப் போனான், எடுக்கவில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை, மூன்றாம் நாள் பூட்ஸைத் தேடினான். இப்போது இடைநிலைப்பள்ளியில் படிவம் நான்கு படிக்கிறான். அந்த ஜெர்சி வாங்கிக் கொடுத்தவரின் மகனும் இவனும் ஒரே மோட்டாரில்தான் திடலுக்குப் போகிறார்கள்.

நீங்கள் ஈப்போ, கோலகங்சார் பக்கம் என்றால் பதிலில் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு எங்கள் திடலில் எப்போதும் இரண்டு மூன்று பேர் குறைவாகத்தான் இருப்பார்கள். அப்பா மைலோ கலக்கிக்கொண்டு வந்துவிடுவார். மகனை அனுப்புங்கள், பூட்ஸ் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.