டிசம்பரில் கோட்டை பார்க்கலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

டிசம்பரில் டப்ளினில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறோம். பழங்காலக் கோட்டை ஒன்றையாவது பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. மருமகனோ, "குளிர்காலத்துல வெறும் ஈரக்கல்லுதான் மாமா, ஜூன்ல வாங்க, காட்டறேன்" என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

ஈரக்கல்தான், சந்தேகமே இல்லை. அந்த ஈரத்தோடும் இருட்டோடும்தான் அங்கே தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தார்கள். அது தெரிய வேண்டுமானால் டிசம்பரில்தான் போக வேண்டும்.

ஒன்றே ஒன்று என்றால் அயர்லாந்தின் டிப்பரரி பகுதியில் உள்ள கேர் கோட்டைக்குப் போங்கள். டப்ளினிலிருந்து காரில் சுமார் இரண்டு மணி நேரம். கார்க் போகும் பேருந்தும் அந்த ஊரில் நிற்கும். ஷூர் ஆற்றின் நடுவே ஒரு பாறைமேல் கட்டியிருக்கிறார்கள். 1375 முதல் பல நூற்றாண்டுகள் பட்லர் குடும்பத்தின் சொத்தாக இருந்தது. 1599ல் இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத் ராணியின் தளபதி எஸ்ஸெக்ஸ் பிரபு பீரங்கியோடு வந்து சில நாட்களில் பிடித்தார். அன்று பாய்ந்த குண்டு இன்னும் சுவரில் செருகி நிற்கிறது. 1650ல் இங்கிலாந்துத் தளபதி க்ராம்வெல்லின் படை வந்தபோது சண்டையே போடாமல் கோட்டையை ஒப்படைத்துவிட்டார்கள். வீரக்கதைக்கு உதவாது, ஆனால் கோட்டை பிழைத்தது அதனால்தான். மேலிருந்து இறக்கும் வாசல் கம்பிக்கதவு இன்றும் வேலை செய்கிறது.

உள்ளே போனதும் அம்பு எய்யும் துவாரம் ஒன்றின் முன்னால் கொஞ்சம் நில்லுங்கள். வில்லாளி அப்படியும் இப்படியும் திரும்ப வசதியாக உள்பக்கம் அகலம். எதிரியின் அம்பு நுழையாதபடி வெளிப்பக்கம் ஒரு கீற்று. கோடையில் வழிகாட்டி சொல்வதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவோம். டிசம்பரில் ஆற்றுக்காற்று மொத்தமும் அந்தக் கீற்று வழியாக வந்து முகத்தில் அறையும். இரவெல்லாம் அங்கே காவல் நின்றவன் கதி அப்போதுதான் உறைக்கும். சுழற்படிகளும் அப்படித்தான். உள்பக்கம் கூராகக் குறுகும், பாதி பாதம்தான் வைக்க முடியும். கோடையில் ஏறுகிறவரும் இறங்குகிறவரும் ஒருவரையொருவர் உரசிக்கொண்டு போக வேண்டும். இப்போது நிதானமாக, சுவரைத் தடவிக்கொண்டே ஏறலாம்.

பிளார்னி கோட்டைக்குப் போகச் சொல்லிப் பலர் வற்புறுத்துவார்கள். உச்சியில் மல்லாந்து படுத்து, தலையைப் பின்னால் தொங்கவிட்டு ஒரு கல்லை முத்தமிட்டால் பேச்சுத்திறமை வருமாம். கோடையில் நீளும் வரிசை குளிர்காலத்தில் இருக்காது என்பது உண்மைதான். எனக்கென்னவோ அதில் ருசியில்லை. திருச்சிக்காரருக்குப் பேசக் கற்றுக்கொடுக்க ஐரிஷ் கல் எதற்கு?

அப்புறம், பகல் ரொம்பக் குட்டை. டிசம்பர் பின்பாதியில் காலை எட்டரைக்கு மேல்தான் விடியும், மாலை நாலேகால் வாக்கில் சூரியன் போய்விடும். கோட்டைகளும் சீக்கிரமே மூடுவார்கள். காலையிலேயே கிளம்புங்கள். குடை அந்தக் காற்றுக்கு நிற்காது. தலைமூடியோடு கூடிய மழைக்கோட்டும் வழுக்காத ஷூவும் போதும். டப்ளினுக்குப் பக்கம் என்று ட்ரிம் கோட்டையை யாராவது சொன்னால், நல்ல யோசனைதான். 12ஆம் நூற்றாண்டில் ஹியூ டி லேசி என்ற நார்மன் பிரபு கட்டத் தொடங்கியது, நடுக்கோபுரத்துக்கு இருபது பக்கம். ஆனால் அந்தக் கோபுரத்துக்குள் வழிகாட்டியோடுதான் விடுவார்கள். கிறிஸ்துமஸை ஒட்டி எல்லா இடமும் சில நாள் பூட்டியிருக்கும் என்பதால், எங்கே போவதானாலும் முந்தின நாளே நேரத்தை விசாரித்துவிடுங்கள்.