மஞ்சள் பிளக்கும் ஈரத் தரையும்

கேள்வி: லண்டனில் கட்டட வேலை பார்த்த என் அண்ணன், ஊருக்குத் திரும்பும்போது மஞ்சள் பிளக் வைத்த 110 வோல்ட் கிரைண்டிங் மெஷின் கொண்டுவந்தார், 850 வாட். எங்களுடையது கிரானைட் பட்டறை, தரையில் எந்நேரமும் தண்ணீர். கடையில் 230ஐ 110 ஆக்கும் ‘ஸ்டெப்-டவுன்’ டிரான்ஸ்பார்மர் வாங்கி ஓட்டலாமா? 110 என்றால் உயிருக்கு ஆபத்தில்லை என்கிறார் அண்ணன். உண்மையா ஐயா?
– ஒரு வாசகர், மேலூர்

பதில்: தம்பி, அண்ணன் அங்கே பார்த்தது வேறு, இங்கே கடையில் கிடைப்பது பெரும்பாலும் வேறு. அங்கே கட்டட வேலைக்கு வைக்கும் மஞ்சள் டிரான்ஸ்பார்மரில் செகண்டரி காயிலின், அதாவது 110 வெளியே தரும் காயிலின், நடுவில் எர்த் கொடுத்திருப்பார்கள். இரண்டு வயருக்கும் இடையே 110. ஆனால் எந்த வயரைத் தொட்டாலும் தரைக்கு 55 வோல்ட்தான். ஈரக் கையும் ஈரக் காலுமாக நிற்பவரின் உடம்பு ரெசிஸ்டன்ஸ் 1000 ஓம் வரை இறங்கலாம். அப்போது 230 வோல்ட்டில் உடம்பில் ஓடுவது 230 மில்லி ஆம்பியர், 55 வோல்ட்டில் 55. இரண்டாவதும் லேசானதல்ல; பிழைக்கும் வாய்ப்பு கூடும், அவ்வளவே.

விலை மலிவான ஸ்டெப்-டவுன் பல, ஒரே காயிலில் நடுவே டேப் எடுத்த ஆட்டோ டிரான்ஸ்பார்மர்கள். மதுரை அரசரடியில் முப்பது வருடமாக மோட்டாருக்குக் காயில் கட்டுகிறேன்; பேஸும் நியூட்ரலும் மாறிக் கிடக்கும் போர்டுகளை அடிக்கடி பார்க்கிறேன். அப்படிப்பட்ட போர்டில் இதைச் செருகினால் உங்கள் ‘110’ வயர் ஒன்றில் தரைக்கு முழு 230 நிற்கும். வாங்கும் முன், கரண்ட்டில் செருகாமல், மல்டிமீட்டரை பீப்பில் வைத்து, எர்த் பின்னை விட்டுவிட்டு, உள்ளே போகும் ஒவ்வொரு பின்னையும் வெளியே வரும் ஒவ்வொரு பின்னோடும் தொட்டுப் பாருங்கள். பீப் கேட்டால் அது வேண்டாம்.

தனித்தனிக் காயில் கட்டிய, 55-0-55 வெளியீடுள்ள (நடுவில் உள்ள 0தான் எர்த்தில் சேரும்) டிரான்ஸ்பார்மரைக் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் கட்டித் தரச் சொல்லுங்கள். 850 வாட்டுக்கு 1.5 கே.வி.ஏ.வாவது இருக்கட்டும். டிரான்ஸ்பார்மர் போர்டுக்குப் பக்கத்தில், ஈரம் படாத இடத்தில் இருக்கட்டும். தண்ணீரில் கிடக்கும் நீள வயர் 110 பக்கம்தான் போகவேண்டும். வயர் 2.5 சதுர மில்லிமீட்டர் போடுங்கள். 1 சதுர மில்லிமீட்டர் வயரை முப்பது மீட்டர் இழுத்தால் 8 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய், மெஷின் திணறிச் சூடாகும்.

தப்பித்தவறி அந்த மெஷினை 230ல் செருகிவிடாதீர்கள், ஆர்மேச்சர், அதாவது மோட்டாரில் சுழலும் காயில், எரிந்து போய்விடும். மஞ்சள் பிளக்கை வெட்டி நம்மூர் பிளக் மாட்டுபவர்கள் இருக்கிறார்கள், அதனால் சொல்கிறேன்.

பட்டறையில் மற்ற மெஷின்கள் 230ல்தானே ஓடும்? அவற்றுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் தரைக்குக் கசிந்தால் தானே இறங்கும் சுவிட்ச்) கட்டாயம் வேண்டும். டிரான்ஸ்பார்மரின் 110 பக்கம் கரண்ட் கசிந்தால் அது அறியாது என்பதையும் மனதில் வையுங்கள். மேலூர்ப் பக்கம் ஒரு கல் பட்டறையில் என்னோடு வேலை பார்த்த பையனுக்கு, டேப் சுற்றிய வயர் ஜாயின்ட் தண்ணீரில் கிடந்து ஷாக் அடித்தது. கை மெஷினோடு ஒட்டிக்கொண்டது. நான் ஓடிப்போய் மெயினை இறக்கும் வரை அவனால் விட முடியவில்லை. உயிர் தப்பினான், உள்ளங்கை வெந்துவிட்டது. அந்தப் போர்டில் ஆர்.சி.சி.பி. இல்லை. உங்கள் போர்டில் இருந்தால், அதிலுள்ள டெஸ்ட் பட்டனை இன்றே ஒருமுறை அமுக்கிப் பாருங்கள் தம்பி.